கட்டமும் தொகுப்பும்: உயர்திறன் கணிமைக் கல்வியில் கலைச்சொற் பொருள்வரையறை

முன்னுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடத்தில் அமைந்துள்ள பிள்ளைப்பாக்கம், சிப்காட் தொழிற்பூங்காவால் இன்று அறியப்படுகிறது. ஏரிகள் நிறைந்த இப்பகுதியில் தொழிற்சாலைகளும் பொறியியல் கல்லூரிகளும் அருகருகே உள்ளன. இங்குப் பயிலும் மாணவர் தம் துறையில் ஆய்வு நிலைக்கு உயரும்போது உயர்திறன் கணிமையை எதிர்கொள்கின்றனர். ஒரு வாகனம் மோதும் நிகழ்வைக் கணினியில் ஆராய, அதன் உடற்பகுதி பல லட்சம் சிறு கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கே நிகழும் மோதலை, பத்து லட்சத்தில் ஒரு நொடி என்னும் இடைவெளியில் கணித்தால், ஒவ்வொரு கூறுக்கும் ஒரு லட்சம் முறை கணக்கிட வேண்டும். தனிக்கணினியில் இக்கணக்கு நெடுநேரம் நீளும். இத்துறையைத் தமிழ்வழிக் கற்போர்க்குக் கலைச்சொற்கள் எவ்வளவு துணைசெய்கின்றன என்பதை, ‘கிரிட்’ என்னும் ஒரு சொல்லை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

உயர்திறன் கணிமை

பெரிய கணக்கொன்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, பல செயலிகளில் ஒரே நேரத்தில் செய்விப்பதே உயர்திறன் கணிமையின் அடிப்படை. இந்தியாவில் 1988இல் தொடங்கப்பெற்ற சி-டாக் நிறுவனம், 1991இல் பரம் 8000 என்னும் மீக்கணினியை உருவாக்கியது. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 144 கணுக்களை இணைத்து அமைக்கப்பட்ட ‘கப்ரு’ என்னும் கணினிக்கொத்து, துகள் இயற்பியல் ஆய்வுக்குப் பயன்பட்டது. 2015இல் ரூ.4,500 கோடி மதிப்பீட்டில் தேசிய மீக்கணினி இயக்கம் ஒப்புதல் பெற்றது. அதன்வழித் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ தொடங்கிவைக்கப்பட்டது. இதன் திறன் 838 டெராஃப்ளாப். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். மெய்ப்பொருளைக் குறிக்கும் ‘பரம்பொருள்’ என்னும் தொடரை நினைவூட்டும் இப்பெயர், தமிழ்ச்சொல் ஒன்று இத்துறையில் பெயர்நிலையில் இடம்பெற்றமைக்குச் சான்று. கற்பித்தல் நிலையில் தமிழ் அவ்விடத்தை இன்னும் பெறவில்லை.

ஒரு சொல், இரு பொருள்

‘கிரிட்’ என்னும் ஆங்கிலச் சொல் இத்துறையில் இருவேறு பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, கணிக்கப்படும் வெளியைச் சமப்பகுதிகளாகப் பிரிக்கும் அமைப்பு. வானிலைக் கணிப்பில் நிலப்பரப்பு இவ்வாறே பகுக்கப்படுகிறது. ஒரு பகுதியின் பக்கம் 12 கிலோமீட்டர் எனின், பிள்ளைப்பாக்கம் ஏரியும் திருப்பெரும்புதூர் ஏரியும் ஒன்றனுள்ளேயே அடங்கிவிடக்கூடும். அங்கு எங்கு மழை மிகும் என்பதைக் கணிப்பு வேறுபடுத்திக் காட்டாது. 2025 மே மாதம் தொடங்கப்பெற்ற பாரத் முன்கணிப்பு அமைப்பு இப்பக்கத்தை 6 கிலோமீட்டராகக் குறைத்தது. பக்கம் பாதியானால் பகுதிகளின் எண்ணிக்கை 4 மடங்காகும். கால இடைவெளியையும் பாதியாக்க நேரின் கணக்கு 8 மடங்காகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி அடையாற்றில் வெள்ளம் பெருகியதை அறிந்த இப்பகுதி மக்களுக்கு, இந்த நுண்மை வெறும் எண்கணக்கு அன்று.

இரண்டாவது, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நிறுவனங்களுக்கு உரிய கணினிகளைப் பிணைத்து, ஆய்வாளர் எவரும் தம் இடத்திலிருந்தே பயன்படுத்துமாறு அமைக்கும் ஏற்பாடு. இப்பெயர் மின்சார வழங்கலிலிருந்து வந்த உவமை ஆகுபெயர். மின்விளக்கை ஏற்றுபவர் அம்மின்சாரம் எந்த நிலையத்தில் உற்பத்தியானது என்று ஆராய்வதில்லை. கணிப்புத் திறனும் அவ்வாறே கிடைக்க வேண்டும் என்பது கருத்து. சி-டாக் முன்னெடுத்த கருடா திட்டம் 17 நகரங்களின் 45 நிறுவனங்களை இவ்வாறு இணைத்தது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத் தரவுகளைப் பகுத்தாயும் உலகளாவிய ஏற்பாட்டில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தா வேறியல் ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் பங்கேற்கின்றன.

இவ்விரு பொருளுக்கும் ‘கட்டம்’ என்னும் ஒரே சொல்லை ஆள்வது பொருந்துவதன்று. தமிழில் கட்டம் என்பது கோடுகளால் சூழப்பட்ட பகுதியை உணர்த்தும். ஆதலின் முதற்பொருளுக்கு அது மிகவும் ஏற்றது. இரண்டாவதற்கு அதனை ஆளின், மின்சார உவமை மறைந்து, கற்பவர் மனத்தில் சதுரங்களின் உருவமே எஞ்சும். மின்துறையில் ‘மின்தொகுப்பு’ என்னும் சொல் நாளிதழ் வாசகரும் அறிந்த வழக்கு. அதனை ஒட்டிக் ‘கணிமைத் தொகுப்பு’ என்பது, உவமையையும் பொருளையும் ஒருங்கே காக்கும். ‘கட்டமைப்பு’ என்பது சாலை முதலாகப் பலவற்றிற்கும் வழங்குவதால் வரையறை தளரும். ஓரிடத்தில் நெருக்கமாகப் பிணைந்த கணினிகளைக் ‘கொத்து’ என்றும், இடம் கடந்து இணைந்தவற்றைத் ‘தொகுப்பு’ என்றும் பகுத்து வழங்கினால் மயக்கம் நீங்கும்.

கற்றலின் படிநிலை

இக்கல்வி லினக்ஸ் கட்டளைகளில் தொடங்கி, சி, ஃபோர்ட்ரான், பைத்தான் ஆகிய மொழிகளுள் ஒன்றில் வளர்ந்து, இணைநிலை நிரலாக்கத்தை அடைகிறது. ஒரே கணுவின் நினைவகத்தைப் பல செயலிகள் பகிர்ந்துகொள்ள ஓப்பன் எம்.பி. முறையும், தனித்தனி நினைவகமுடைய கணுக்கள் செய்தி பரிமாற எம்.பி.ஐ. முறையும் பயில வேண்டும். பின்னர்ப் பணியை வரிசையில் இட்டுக் காத்திருக்கும் ஒழுங்கு பழக்கமாக வேண்டும்.

செயலிகளைப் பெருக்கினால் விரைவும் அதே அளவில் பெருகும் என்று கருதுவது தொடக்க நிலையினரின் பிழை. 1967இல் ஆம்டால் இதன் எல்லையைக் காட்டினார். 100 மணிநேரப் பணியில் 5 மணிநேரப் பகுதி பிரிக்க இயலாதது எனக் கொண்டால், எஞ்சிய 95 மணிநேரப் பணியை 95 செயலிகள் ஒரு மணியில் முடிக்கும். மொத்தம் 6 மணி. செயலிகளை எத்தனை ஆயிரமாக்கினும் 5 மணிக்குக் கீழே குறையாது. நடவுக்கு ஆட்களைக் கூட்டலாம். நாற்று வளரும் நாட்களைக் குறைக்க இயலாது என்பதை அறிந்த உழவர் வீட்டு மாணவர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும்.

முடிவுரை

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய பொறியியல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. மேற்கண்ட கணிப்புகள் மிகுதியும் தேவைப்படும் துறைகள் இவை. தேசிய மீக்கணினி இயக்கத்தின் பயிற்சி மையங்களுள் ஒன்று சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ளது. ஆகவே கருவியும் பயிற்சியும் தமிழகத்திலேயே உள்ளன. அவற்றை அணுகுதற்குரிய சொற்களின் தெளிவே குறையாக உள்ளது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக உள்ளது தமிழிலும் ஒரு சொல்லாகவே அமைதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. பொருள் வேறுபடுமிடத்துச் சொல்லை வேறுபடுத்துவது, பிள்ளைப்பாக்கம் போன்ற ஊர்களின் மாணவர் இயந்திரத்தை இயக்குவோராக மட்டும் நின்றுவிடாமல், அதனைக் கணித்து வடிவமைப்போராகவும் உயர உதவும். இப்பணியில் தமிழ்த்துறையும் கணினித்துறையும் இணைந்து ஈடுபடுதல் இன்றியமையாதது.