மாதச் சந்தாவும் மனக்கணக்கும்

ஓடிடி தளங்களின் சந்தாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், 'நாளைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாதே' என்று யாராவது சொல்வதைக் கேட்கிறேன். கைப்பேசியில் மட்டும் பார்ப்பதற்கான நெட்ஃபிளிக்ஸ் திட்டத்தின் மாதக் கட்டணம் 2021 டிசம்பரில் 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதை முப்பதால் வகுத்தால் ஐந்துக்குச் சற்றுக் குறைவுதான். வகுத்தலில் பிழையில்லை, வகுத்த எண்தான் தவறு. மாதம் முழுவதும் ஒரே ஒரு படம் பார்த்தவருக்கு அந்தப் படத்தின் விலை 149 ரூபாய்.

இந்த மனக்கணக்கை விளக்க, திரைக்குத் தொடர்பில்லாத ஓர் ஆய்வு உதவும். அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றி டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற பொருளியல் அறிஞர்கள் இருவர் 2006-இல் வெளியிட்டது அது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் சென்றிருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்குப் பத்து டாலரே ஆகியிருக்கும். நாளை நாம் காட்டப்போகும் உற்சாகத்தை இன்றே மிகையாக மதிப்பிடுகிறோம். 'பிறகு பார்க்கலாம்' என்று நாம் சேர்த்துவைக்கும் படப்பட்டியலும் அந்த வகைதான்.

தானாகவே புதுப்பிக்கப்படும் ஏற்பாடு இதற்குத் துணைநிற்கிறது. கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நல்ல விதி. ஆனால், அந்தக் குறுஞ்செய்தி கடன் விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துபோகிறது. ஓய்வூதியத்தில் நடக்கும் வீட்டில் இப்படி மூன்று நான்கு சந்தாக்கள் சேர்ந்தால் அது சிறு தொகையல்ல.

ஆண்டுச் சந்தா மலிவா? அமேசான் பிரைமுக்கு மாதம் 299, ஆண்டுக்கு 1,499 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மாதங்களுக்கு மேல் பயன்படுத்துவோருக்கு ஆண்டுத் திட்டமே லாபம். பொருள்களை விரைவாகப் பெறுவதற்காகவே அதை வாங்குபவருக்குப் படங்கள் ஏறக்குறைய இலவசம். ஆனால், முன்பணம் கட்டியவரின் கையில் பேரவலிமை இல்லை: 2025 ஜூனில் அதே தளத்தில் விளம்பரங்கள் நுழைந்தன, அவை வேண்டாம் என்றால் ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய்.

இதையெல்லாம் சொல்வதால் சந்தாவே வீண் என்பதல்ல. பாட்டிக்குப் பழைய படம், பேரனுக்குக் கிரிக்கெட், மருமகளுக்குத் தொடர் என்று நான்கு பேர் பார்க்கும் வீட்டில் கணக்கு தலைகீழாக மாறிவிடும். படியிறங்கித் திரையரங்குக்குச் செல்ல இயலாத முதியவருக்கு அந்த 149 ரூபாயின் மதிப்பை வகுத்துப் பார்க்க நான் துணிய மாட்டேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சந்தா என்னிடம் இல்லை என்றால், இன்று புதிதாக வாங்குவேனா? சென்ற மாதம் கட்டிய பணத்துக்கு இந்தக் கேள்வியில் இடமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு தளம்தான். பணம் கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறேன். கட்டிய மாதம் முடியும்வரை படம் தடையில்லாமல் ஓடுகிறது. அடுத்த மாதம் எந்தத் தளம் என்பதை அதன் முதல் வாரத்தில் நானும் மனைவியும் பேசி முடிவு செய்கிறோம். சில மாதங்களில் எதுவும் வேண்டாம் என்றும் முடிவாவதுண்டு.