ஒரே பெயரில் இரண்டு விதை

திண்டுக்கல் சமவெளியில் 'பி.கே.எம்.1' என்றால் இரண்டு பொருள். தக்காளி போட்டவரிடம் கேட்டால், காம்படியில் பச்சை படர்ந்த, சற்றே தட்டையான பழத்தைக் காட்டுவார். முருங்கை போட்டவர் செடிமுருங்கையைக் காட்டுவார். இரண்டு ரகங்களையும் தந்தது வத்தலக்குண்டுக்கு அப்பால் உள்ள பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி. ஆனால் தோட்டத்தில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். தக்காளி தாயைப் போலவே வரும். முருங்கையில் ஒரு மரம் நீளக் காய் விடும், பக்கத்து மரம் குட்டைக் காய் விடும்.

காரணம் பூவுக்குள் இருக்கிறது. ஒரு தக்காளிப் பூவைப் பறித்து மஞ்சள் இதழ்களை மடக்கிப் பாருங்கள். நடுவில் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்புபோல நிற்கும். அதை நகத்தால் கீறினால், உள்ளே சூல்தண்டு ஒளிந்திருக்கும். காற்றில் பூ ஆடினாலே மகரந்தம் கூம்புக்குள் உதிர்ந்து, அதே பூவின் சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். இதுதான் தன்மகரந்தச் சேர்க்கை. முருங்கைப் பூ வெளியே திறந்து கிடக்கிறது. பெரிய கருவண்டுகள் மரத்துக்கு மரம் மகரந்தத்தைச் சுமந்து போகின்றன. பக்கத்துத் தோட்டத்து மரமும் உங்கள் மரத்துக் காய்க்குத் தகப்பனாகலாம்.

தன்மகரந்தச் சேர்க்கை மரபணுக்களை என்ன செய்கிறது? ஒரு செடியில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கும், தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. இரண்டும் வேறுவேறாக இருந்தால் அது கலப்பு. கலப்புச் செடி தன்னையே கருவுறச் செய்தால், பிள்ளைகளில் பாதிப் பேரிடம்தான் அந்தக் கலப்பு மிஞ்சும். பேரப்பிள்ளைகளில் கால்வாசி, அடுத்து அரைக்கால். ஆறு தலைமுறையில் 64இல் ஒரு பங்கு. பெரியகுளத்தார் முருங்கையில் செய்ததும் இதைத்தான். எப்போதும்வென்றான் என்ற ஊரின் நாட்டு முருங்கையை எடுத்து, ஆறு தலைமுறை தன்மகரந்தமே சேரவைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். தக்காளி இயல்பாகச் செய்வதை முருங்கையில் மனிதர்கள் கட்டாயப்படுத்திச் செய்தார்கள். காவல் இல்லாத தோட்டத்தில் கருவண்டு அந்த உழைப்பைக் கலைத்துவிடுகிறது.

சந்தையில் வாங்கும் வீரிய ஒட்டுத் தக்காளியிலிருந்து விதை எடுத்தவர்கள் ஏமாந்துபோவதும் இதே கணக்கால்தான். வீரிய ஒட்டு ரகம் இரண்டு தூய வரிகளின், அதாவது தலைமுறைக்குத் தலைமுறை மாறாத இரண்டு வம்சங்களின், கலப்பு. தன்னைத் தானே கருவுறச் செய்த மறுபோகத்திலேயே அதன் குணங்கள் பிரிந்துவிடும்.

தக்காளி முதலில் இப்படித் தன்மகரந்தத்தை நம்பி இருக்கவில்லை. அதன் காட்டு உறவினர்கள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்தில் வளர்கின்றன. பலவற்றில் சூல்தண்டு கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சில இனங்கள் சொந்த மகரந்தத்தை ஏற்கவே மாட்டா. மனிதர்களோடு கடல் தாண்டியபோது தக்காளியின் கூடவே அதன் தேனீக்கள் வரவில்லை. துணையில்லாமல் காய்க்கத் தெரிந்த செடிதான் புது ஊரில் பிழைத்தது. சூல்தண்டு குட்டையானதில் பெரும்பங்கு வகிக்கும் மரபணுவை 2007இல் கண்டறிந்தார்கள்.

பிழைத்ததற்குக் கொடுத்த விலை பெரிது. ஒவ்வொரு பயணத்திலும் சில செடிகளின் விதைதான் போனது. வெளியிலிருந்து புது மரபணு வர வழியும் இல்லை. பயிர்த்தக்காளியிடம் இன்று இருக்கும் மரபு வேறுபாடு, காட்டு உறவினர்களிடம் உள்ளதில் சிறு துளி. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் வந்து இலை மடங்கி, செடி குறுகி நிற்கும்போது அந்தப் பஞ்சம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்நோயைத் தாங்கும் ஹரியானாவின் 'ஹிசார் அன்மோல்' ரகத்துக்கு அந்தத் திறன் காட்டுத் தக்காளி ஒன்றைக் கலந்த பிறகே கிடைத்தது. வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் மரபணுவும் அப்படித்தான். அதைத் தந்த பெரு நாட்டுக் காட்டு இனம், சொந்த மகரந்தத்தை மறுக்கும் இனம்.

தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் வம்சாவளியை அலசிய ஆய்வு 2010இல் வெளியானது. தன்னைத் தானே கருவுறச் செய்யக்கூடிய கிளைகளில் புது இனங்கள் வேகமாகத் தோன்றுகின்றன, அதைவிட வேகமாக அழிகின்றன என்று அது சொன்னது. நீண்ட காலத்தில் தழைத்தவை, அயல் மகரந்தத்தையே நாடிய கிளைகள். படிக்கும்போது எனக்கு உறைத்தது இது: நம் பந்தியில் தினமும் இருக்கும் ஒரு காய், பரிணாமக் கணக்கில் ஆபத்தான பாதையில் நடக்கிறது.

அதனால் விதைப் பாதுகாப்பிலும் இரண்டுக்கும் ஒரே வழி உதவாது. முருங்கையில் வேறுபாடு ஒவ்வொரு மரத்துக்குள்ளும் கலந்து கிடக்கிறது. சில பத்து மரங்களைக் காத்தாலே நிறைய மிஞ்சும். தக்காளியில் ஒரு வரிக்குள் வேறுபாடு அநேகமாக இல்லை. வரிக்கும் வரிக்கும் இடையில்தான் இருக்கிறது. பி.கே.எம்.1 தக்காளியே 'அண்ணஞ்சி' என்ற நாட்டு வகையில் சடுதி மாற்றத்தைத் தூண்டி வந்ததுதான். அந்த ஒரு வகை வழக்கொழிந்திருந்தால் இந்த ரகமே இல்லை. ஆகவே, வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்து, பாட்டி காலத்திலிருந்து காய்க்கும் புளிப்புத் தக்காளி உங்கள் வீட்டில் இருந்தால், நன்கு பழுத்த பழம் நாலைந்தைப் பிசைந்து, கூழை ஓர் இரவு புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தி, ஊர்ப்பெயர் எழுதி வையுங்கள். அதன் மரபணுக்கள் பக்கத்து ஊர்த் தக்காளிக்குள் கலந்து பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.