முட்டை மட்டும்தான் நாமக்கல்

நாமக்கல்லில் ஏன் இத்தனை கோழிப்பண்ணை என்று கேட்டால், "காய்ந்த பூமி, கோழிக்கு ஒத்துக்கொண்டது" என்பார்கள். பாதி சரி. ஈரம் குறைந்த காற்றில் கோழிக்கு நோயும் குறைவு. ஆனால் காய்ந்த ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மீதிப் பாதிக்கு லாரியைப் பார்க்க வேண்டும்.

மானாவாரி நிலம் கைவிட்ட குடும்பங்கள் பல இங்கே லாரித் தொழிலில் இறங்கின. பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. அந்த லாரிகள் இல்லாமல் இத்தனை பெரிய பண்ணைத் தொழில் நின்றிருக்காது. கணக்குப் போட்டால் விளங்கும். முட்டைக்கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஒரு லட்சம் கோழி இருந்தால் தினமும் 11 டன். உள்ளூர்க் காடு அதற்குக் காணாது. மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறது. சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் பக்கமிருந்து வருகிறது. முட்டை கேரளத்துக்கும், கப்பலேறி வளைகுடாவுக்கும் போகிறது. தீனியும் வெளியூர், தின்பவரும் வெளியூர்.

ஒருகாலத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. 1982-இல் பி.வி.ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கிய பிறகு, பண்ணையாளர்களே கூடி விலை அறிவிக்கத் தொடங்கினார்கள். அறிவித்த விலையிலும் வியாபாரி கொஞ்சம் கழிப்பார். அதற்கு 'மைனஸ்' என்று பெயர். அந்த இழுபறி இன்னும் ஓயவில்லை.

அரசும் கைகொடுத்தது. 1985-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்ததும், பள்ளிப் பிள்ளைகளின் தட்டு நிலையான சந்தையானது.

வெளியூரை நம்பிய தொழிலுக்கு அடியும் வெளியூரிலிருந்தே வரும். 2006-இல் பறவைக் காய்ச்சல் கண்டது மகாராஷ்டிரத்து நவாப்பூரில். முட்டை விலை சரிந்தது நாமக்கல்லில். மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குத் திரும்பினால் இங்கே தீவனச் செலவு ஏறுகிறது. புரட்டாசியில் ஊர் விரதம் இருந்தாலும் கோழி முட்டையிடுவதை நிறுத்தாது. அன்றன்று வருவதை வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும்.

ஆகவே முட்டை விலை ஏறினால் பண்ணைக்காரரைத் திட்டுமுன், மக்காச்சோளம் மூட்டை என்ன விலை என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.