பள்ளிக்கூடச் சீட்டுப் புத்தகமும் பெற்றோரும்

பள்ளி ஆண்டு விழாவும் விளையாட்டு விழாவும் நெருங்கும் நாட்களில், பிள்ளைகளின் பையில் பாடப் புத்தகங்களோடு மற்றொரு புத்தகமும் வீடு வந்து சேருவதுண்டு. அது மெல்லியது, பத்து அல்லது இருபது ஏடுகளும், ஒவ்வோர் ஏட்டுக்கும் ஓர் அடிக்கட்டும் கொண்டது. சில ஆண்டுகளில் அது நன்கொடைச் சீட்டாக இருக்கும். சில ஆண்டுகளில் குலுக்கல் பரிசுச் சீட்டாக இருக்கும். வாழ்த்து அட்டை, மெழுகுவத்தி, நாட்காட்டி முதலியன கட்டுக் கட்டாக வருவதும் உண்டு. "திங்கட்கிழமைக்குள் விற்றுப் பணம் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொன்னார்கள், அப்பா" என்று பிள்ளை சொல்லும். அன்று மாலை வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சு இராது.

சொந்த ஊரில் இருப்போருக்கு இது பெரிய தொல்லையன்று. தாத்தா ஒரு சீட்டு எடுத்துக்கொள்வார். சித்தப்பா இரண்டு எடுப்பார். பழகிய மளிகைக் கடைக்காரர் முகதாட்சணியத்திற்காக ஒன்று வாங்குவார். புத்தகம் காலியாகிவிடும். வேற்று மாநிலங்களிலும் தீவுகளிலும் வாழும் நமக்கோ அந்தச் சுற்றம் அருகில் இல்லை. சென்னைக் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான கடலுக்கப்பால் அந்தமானிலுள்ள குட்வில் எஸ்டேட் போன்ற ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். எனவே பக்கத்து வீட்டார் தமிழராக இருக்கலாம். வங்காளியராகவோ தெலுங்கராகவோ ராஞ்சிப் பக்கத்தவராகவோ இருப்பதற்கும் அதே அளவு வாய்ப்பு உண்டு. யாராக இருப்பினும் அவர்தம் பிள்ளையும் பெரும்பாலும் அதே பள்ளியில்தான் படிக்கிறது. அந்தப் பிள்ளையின் கையிலும் அதே புத்தகம் இருக்கிறது.

இந்நிலையில் நடப்பதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. விளக்கத்திற்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள், பத்துப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு புத்தகம், புத்தகத்திற்கு இருபது ரூபாய்ச் சீட்டு பத்து. ஒவ்வொரு பிள்ளையும் மற்ற ஒன்பது வீடுகளுக்கும் ஒவ்வொரு சீட்டு விற்று, மிஞ்சிய ஒன்றைத் தன் வீட்டிலேயே தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு குடும்பமும் அயலாருக்காக 180 ரூபாயும் தன் பிள்ளைக்காக 20 ரூபாயும் ஆக 200 ரூபாய் செலவிட்டிருக்கும். அதாவது, யாரும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் ஆளுக்கு 200 ரூபாயைப் பள்ளியிலேயே கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதேதான் ஆகியிருக்கிறது. கூடுதலாகக் கிடைத்தது ஒரு வாரத்து மனவருத்தமும், "அவர்கள் நம்மிடம் வாங்கவில்லையே" என்ற குறையும்.

சீட்டுக்குப் பதிலாகப் பண்டமாக இருப்பின் கணக்கு இதனினும் மோசமாகும். ஐம்பது ரூபாய் வாழ்த்து அட்டைக் கட்டில் முப்பத்தைந்து ரூபாய் அச்சிட்ட நிறுவனத்திற்கும் பதினைந்து ரூபாய் பள்ளிக்கும் போவதாகக் கொள்வோம். அதே பத்துக் குடும்பங்கள் ஆளுக்குப் பத்துக் கட்டுகள் வாங்கினால், தெருவிலிருந்து வெளியேறும் தொகை 5,000 ரூபாய். பள்ளியைச் சேர்வது 1,500 ரூபாய். பள்ளிக்கு உதவினோம் என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்க, உண்மையில் ஒரு வியாபாரத்திற்குக் கூலியில்லா விற்பனையாளராக நம் பிள்ளைகள் உழைத்திருப்பார்கள்.

உணவுத் திருவிழா என்பது மூன்றாவது வகை. வீட்டில் செய்த இட்லி, வடை, சுண்டல் முதலியவற்றைப் பள்ளி மைதானத்தில் கடை பரப்பி விற்பது. இதில் பிள்ளைகளுக்கு உற்சாகம் உண்டு. அயல்மொழிக் குடும்பங்கள் நம் பண்டங்களைச் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. ஆனால் பருப்பும் உளுந்தும் கப்பலேறி வரும் தீவில், அறுநூறு ரூபாய்ச் சாமானில் செய்த வடையை ஐந்நூறு ரூபாய்க்கு விற்றுப் பள்ளிக்குக் கொடுக்கும் தாய்மார்களை நாம் அறிவோம். அவர்கள் அதை நஷ்டமென்று சொல்வதில்லை. அந்த மாலைப் பொழுதின் கலகலப்புக்கு அந்த நூறு ரூபாய் தகும் என்பதே நம் எண்ணமும்.

பிள்ளைகள் பள்ளிக்காகப் பொருள் திரட்டும் வழக்கம் மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நவராத்திரி வந்துவிட்டால், உபாத்தியாயர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வார். பிள்ளைகள் பாட்டுப் பாடிக் கோலாட்டம் அடிப்பார்கள். வீட்டார் கொடுக்கும் காசு உபாத்தியாயருக்குச் சேரும். மாதச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத அக்காலத்தில் அது அவருடைய வருவாயில் ஒரு முக்கியமான பகுதி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்றோர் தம் இளமைக்காலப் பள்ளிகளைப் பற்றி எழுதுங்கால் இவ்வழக்கத்தையும் குறித்திருக்கின்றனர். இங்கே ஒரு வேறுபாட்டைக் காணவேண்டும். அங்கே உபாத்தியாயரும் உடன் சென்றார். பிள்ளைகள் கூட்டமாகச் சென்றனர். இன்ன பிள்ளை இவ்வளவு கொண்டுவந்தது என்ற தனிக் கணக்கு அந்த ஆட்டத்திலும் பாட்டிலும் எழ வழியில்லை.

பின்னர், 1958 முதல் சென்னை மாநிலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலம் அது. ஊர் மக்கள் ஒன்றுகூடித் தங்கள் பள்ளிக்கு இன்னின்னது குறைவு என்று பட்டியலிட்டு, ஒருவர் நிலமும், ஒருவர் பெஞ்சும், ஒருவர் மதிய உணவுப் பாத்திரமும் கொடுத்தனர். பள்ளியின் தேவையைப் பெரியவர்கள் பெரியவர்களிடம் சொன்னார்கள். கொடுத்த பொருள் மறுநாளே பள்ளியில் கண்ணுக்குத் தெரிந்தது. இதைச் சீட்டுப் புத்தக முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு நாம் சொல்லவேண்டியது அதிகமில்லை.

மேனாட்டு வரலாறும் சுவையானதே. டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்னும் அஞ்சல் ஊழியர், கிறிஸ்துமஸ் காலத்துக் கடிதங்களில் ஒட்டுவதற்கென ஒரு சிறு வில்லையை வெளியிட்டு, அதன் விலையைக் காசநோயுற்ற குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று யோசனை கூறினார். 1904இல் அது நிறைவேறியது. அம்முறை உலகெங்கும் பரவி, 1950 முதல் இந்தியக் காசநோய்ச் சங்கத்தின் முத்திரை வில்லைகளாக நம் பள்ளிகளுக்கும் வந்தது. காந்தியடிகள் பிறந்த நாளான அக்டோபர் 2இல் அந்த விற்பனையைத் தொடங்குவது வழக்கமாயிற்று. 1917இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், மஸ்கோகி என்னும் ஊரில், சாரணச் சிறுமியர் தம் வீட்டு அடுப்பில் சுட்ட பிஸ்கட்டுகளைப் பள்ளி உணவுக்கூடத்தில் விற்றனர். இருபது ஆண்டுகள் கழிவதற்குள் அந்த பிஸ்கட்டுகளைச் சுடும் வேலை பெரிய தொழிற்கூடங்களுக்குப் போய்விட்டது. சிறுமியர் கையில் விற்கும் வேலை மட்டுமே எஞ்சியது. பண்ட விற்பனை எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

நம் நாட்டுச் சாரணர் இயக்கத்தில் 'கரி கமாய்' என்றொரு முறை உண்டு. உழைத்து நேர்மையாய் ஈட்டிய காசு என்பது அதன் கருத்து. பிள்ளை தோட்டத்தைக் கொத்திக் கொடுக்கும், மிதிவண்டியைத் துடைத்துக் கொடுக்கும். அதற்குரிய கூலியைப் பெற்று இயக்கத்திற்குக் கொடுக்கும். இதில் பிள்ளை இரப்பதும் இல்லை. வேண்டாத பண்டத்தை யார் தலையிலும் கட்டுவதும் இல்லை.

இனி விதிகளைப் பற்றி ஓரிரு சொற்கள். அரசாங்க விதிகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இப்பகுதியில் சற்று நேரம் தங்கிவிடும் பழக்கம் உண்டு, நேயர்கள் பொறுத்தருள்க.

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் சேர்க்கும்போது, அறிவிக்கப்பட்ட கட்டணத்திற்கு மேலாக நன்கொடை என்றோ வேறு பெயராலோ எதையும் பெறலாகாது என்பது அதன் 13ஆம் பிரிவு. ஆண்டு நடுவே வரும் சீட்டுப் புத்தகத்தை அப்பிரிவு நேராகத் தொடவில்லை. ஆனால் 17ஆம் பிரிவு, எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிப்பதையோ மனத்தால் துன்புறுத்துவதையோ தடை செய்கிறது. சீட்டு விற்காத பிள்ளையை வகுப்பில் எழுந்து நிற்கச் செய்வதும், விற்றோர் பெயரையும் விற்காதோர் பெயரையும் கரும்பலகையில் இரு பிரிவாக எழுதி இழிவுபடுத்துவதும் மனத்துன்பம் அல்லாமல் வேறென்ன?

அலுவலகத்தாருக்கு வேறொரு விதியும் உண்டு. பிள்ளையின் புத்தகத்தைத் தந்தை தம் அலுவலகத்திற்கு எடுத்துச் செல்வது தீவுகளில் மட்டுமன்றி டில்லி, நாகபுரி, புவனேசுவரம் ஆகிய எல்லா இடத்திலும் காணப்படுவதே. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964, பன்னிரண்டாம் விதியின்படி, அரசு ஊழியர் முன் அனுமதியின்றி எந்த நோக்கத்திற்காகவும் பணமாகவோ பொருளாகவோ நிதி கேட்பதும், திரட்டும் முயற்சியில் ஈடுபடுவதும் கூடாது. தாமே ஒரு நற்பணி நிதிக்குச் சந்தா கொடுப்பது இவ்விதிக்கு மாறானதன்று. கொடிநாள் வசூலில் தாமாக முன்வந்து உதவுவதற்கும் தனி அனுமதி வேண்டியதில்லை. பள்ளிக் குலுக்கல் சீட்டு அந்த விலக்கில் அடங்காது. அதிகாரி ஒருவர் தம் கீழ் வேலை பார்ப்பவரின் மேசை மேல் புத்தகத்தை வைத்தால், அவர் மறுக்கவும் மாட்டார். மனமுவந்து வாங்கவும் மாட்டார். விதி தடுக்க நினைத்தது இந்த நிலையைத்தான்.

கொடிநாளைப் பற்றிச் சொன்னோம். 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7இல் முப்படையினர், முன்னாள் வீரர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் நலனுக்காகச் சிறு கொடிகள் கொடுத்து நிதி திரட்டப்படுகிறது. பள்ளிகள் வழியாகவும் இது நடைபெறுகிறது. முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேறி வாழும் இத்தீவுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பள்ளியிலிருந்து வரும் எல்லாச் சீட்டையும் ஒரே தட்டில் வைத்து வெறுப்பது முறையன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

குலுக்கல் பரிசுச் சீட்டு மட்டும் முற்றிலும் வேறு வகை. அரசின் அனுமதியில்லாமல் குலுக்குச் சீட்டு நடத்துவது சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனையே தடை செய்யப்பட்டிருக்கிறது. பரிசு சைக்கிளாகவே இருக்கட்டும், குக்கராகவே இருக்கட்டும், பத்து வயதுப் பிள்ளையிடம் அதிர்ஷ்டத்தை விற்கச் சொல்லும் பள்ளியிடம் பெற்றோர் எழுத்து மூலம் விளக்கம் கேட்பதில் தவறில்லை.

ஆயின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? முதலில், பள்ளிக்கு எதற்குப் பணம் வேண்டும் என்பதைக் கேட்டறிய வேண்டும். நூலகத்திற்கு அலமாரியா, குடிநீர்த் தொட்டியா, விழாப் பந்தலா? அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும் என்றும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்கவேண்டும் என்றும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்றும் மேற்சொன்ன கல்விச் சட்டம் கூறுகிறது. கேட்பதற்குரிய இடம் அதுதான். வகுப்பாசிரியையிடம் சினந்து பயனில்லை. பெரும்பாலும் அவர் கையிலும் யாரோ நாற்பது புத்தகங்களைத் திணித்திருப்பார்கள்.

இரண்டாவதாக, விற்பனைக்குப் பதில் நேராகக் கொடுத்துவிட விரும்பும் குடும்பத்திற்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும். எவ்வளவு என்பது அவரவர் விருப்பம். கொடுக்க இயலாதவர் கொடுக்கவில்லை என்பது பிள்ளைக்கும் வகுப்புக்கும் தெரியலாகாது. மீன்பிடி படகில் போகிறவரின் பிள்ளையும், சாலை வேலைக்குப் போகிறவரின் பிள்ளையும், அலுவலக அதிகாரியின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமரும் பள்ளி இது. இருநூறு ரூபாய் ஒருவருக்கு ஒரு மாலைச் சிற்றுண்டி. மற்றவருக்கு இரண்டு நாள் சோறு. இதைச் சொல்லக் கூசிக்கொண்டு புத்தகத்தை ஒளித்துவைத்து, "தொலைந்துவிட்டது" என்று பிள்ளையைப் பொய் சொல்லவைத்த வீடுகளும் உண்டு. அந்தப் பொய்யைப் பிள்ளை கற்றது விற்பனை முறையினால்தானே?

விற்பது என்று முடிவாகிவிட்டால், பிள்ளையோடு பெரியவர் ஒருவர் போகவேண்டும். தெரியாத வீட்டுக் கதவைத் தனியே தட்டுவதற்குப் பிள்ளையை அனுப்பலாகாது. இதில் ஒரு நன்மையையும் மறுப்பதற்கில்லை. தமிழ் வீட்டில் "அத்தை, ஒரு சீட்டு வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்ட பிள்ளை, அடுத்த வீட்டில் அதையே ஹிந்தியில் கேட்கவேண்டும், "வேண்டாம்" என்ற விடையை முகம் வாடாமல் கேட்டுத் திரும்பவும் வேண்டும். வேண்டாம் என்று சொன்னவரிடம் மறுநாளும் வணக்கம் சொல்லவேண்டும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்வது நலம். நாமும் அயல்வீட்டுப் பிள்ளை வரும்போது, வாங்க இயலாவிடில் அன்பாகவும் தெளிவாகவும் அன்றே சொல்லிவிட வேண்டும். "நாளைக்கு வா" என்று நான்கு நாள் அலைக்கழிப்பது கொடுமை.

கணக்கு விஷயத்தில் மட்டும் தயக்கம் கூடாது. மாற்றல் உத்தரவு எந்த மாதத்திலும் வரக்கூடிய குடும்பங்களுக்கு இது மிகவும் முக்கியம். விற்ற சீட்டுகளின் அடிக்கட்டுகளையும் விற்காத சீட்டுகளையும் எண்ணிப் பணத்தோடு பள்ளி அலுவலகத்தில் ஒப்படைத்து, தேதியிட்ட ரசீது ஒன்றைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்க. கப்பலில் சாமான் ஏற்றிய பிறகு, பழைய பள்ளியின் பாக்கியைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது எளிதன்று.