முதலையின் முன் மழலை

2004 ஜனவரி 2 அன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், முதலை வல்லுநர் ஸ்டீவ் இர்வின் தம் ஒரு மாதக் கைக்குழந்தையை ஒரு கையில் அணைத்தவாறே, மறு கையால் பெருமுதலைக்கு இரை கொடுத்தார்.

கண்டோர் பதைத்தனர், பத்திரிகைகள் கண்டித்தன. முதலைகளிடையே வளரும் பிள்ளை இளமையிலேயே அவற்றை அறிதல் வேண்டுமென்றும், நிலைமை தம் கட்டுக்குள் இருந்ததென்றும் அவர் விடையிறுத்தார். வழக்குத் தொடரப்படவில்லை, ஆயினும் முதலைக் கூடத்துள் குழந்தைகளை அழைத்துச் செல்வதை அம்மாநில அரசு பின்னர்த் தடை செய்தது.

அவர் திறமையை நாம் ஐயுறவில்லை. ஆனால் யானைக்கும் அடி சறுக்குமன்றோ? தன்னுயிரைப் பணயம் வைப்பது வீரம். வாய்பேசா மழலையின் உயிரை வைக்க எவர்க்கும் உரிமையில்லை. ஒரு மாதச் சிசு அங்கே கற்றதுதான் யாது?

விடுமுறையில் மிருகக்காட்சி சாலை செல்லும் அன்பர்களே! குழந்தைகட்கு விலங்குகளைக் காட்டுங்கள். வேலியின்மீது மட்டும் அமர்த்தாதீர்கள்.