இயந்திரம் தரும் மருந்தும் நம் அமானிதமும்



நம் பிள்ளைகளில் டி.பார்ம்., பி.பார்ம்., நர்சிங் படிப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். படிப்பு முடிந்ததும் பலர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்குள்ள பெரிய மருத்துவமனைகளில் மருந்தை எடுத்துத் தருவது இன்று பெரும்பாலும் இயந்திரம்தான். துபை ரஷீத் மருத்துவமனையில் 2017-லேயே மருந்துச் சீட்டைக் கணினியில் பெற்று, பார்கோடு பார்த்து மருந்தை எடுத்துத் தரும் ரோபோ வந்துவிட்டது. நம் நாட்டிலும் பெரிய மருத்துவமனைகளில் இவை வரத் தொடங்கியுள்ளன. ஆகவே இதை இயக்கும் விதிகளை, இயக்கப்போகும் பிள்ளைகளும் மருந்து வாங்கும் நாமும் அறிந்திருப்பது நல்லது.

வார்டுகளில் வைக்கப்படுவது பல இழுப்பறைகள் கொண்ட பூட்டிய அலமாரி. மருத்துவர் எழுதியதை மருந்தாளுநர் கணினியில் சரிபார்ப்பார். பிறகு நர்ஸ் கைரேகை அல்லது கடவுச்சொல் தந்து நோயாளியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அவருக்கு உரிய மருந்தின் அறை மட்டும் திறக்கும். உயிர் போகும் அவசரத்தில் மருந்தாளுநருக்குக் காத்திருக்க முடியாது என்பதால், அந்தச் சரிபார்ப்பைத் தாண்டி எடுக்கவும் ஒரு வழி உண்டு. அதற்கு ‘ஓவர்ரைடு’ என்று பெயர்.

இயந்திரம் தான் சொல்லப்பட்டதைச் செய்யும். உள்ளே வைக்கப்பட்டதைத் தரும். இந்த இரண்டு இடங்களிலும் மனிதர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்வுகள் சான்று.

முதலாவது, மருந்தை நிரப்புவதில் நடந்த தவறு. 2006-இல் இந்தியானாபோலிஸ் நகரின் மெதடிஸ்ட் மருத்துவமனையில், பச்சிளங் குழந்தைகள் பிரிவின் அலமாரியில் மில்லிக்கு 10 யூனிட் ஹெப்பாரின் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பிகள் வைக்கப்பட்டுவிட்டன. ஹெப்பாரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அந்த அறையில் சரியான மருந்துதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் நர்சுகள் எடுத்துக் கொடுத்தார்கள். ஆறு குழந்தைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. மூன்று குழந்தைகள் இறந்தன. கடையில் ஒருவர் தவறினால் ஒரு நோயாளிக்குத்தான் கேடு. அலமாரியை நிரப்புபவர் தவறினால் அதிலிருந்து எடுக்கும் எல்லோருக்கும் கேடு.

இரண்டாவது, எடுப்பதில் நடந்த தவறு. 2017 டிசம்பரில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில், மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுத் தேறிவந்த 75 வயதுப் பெண்மணியை ஸ்கேனுக்கு அழைத்துச் சென்றார்கள். பயம் தணிய ‘வெர்செட்’ என்ற மருந்தை மருத்துவர் எழுதினார். அதன் மூலப்பெயர் மிடாசோலம். நர்ஸ் அலமாரியில் ‘வி’, ‘இ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார். மருந்து மூலப்பெயரில் பதிவாகியிருந்ததால் வெர்செட் வரவில்லை. ஓவர்ரைடு செய்து மீண்டும் அதே இரண்டு எழுத்துகளைத் தட்டினார். வந்தது ‘வெக்குரோனியம்’, தசைகளைச் செயலிழக்க வைத்து மூச்சை நிறுத்தும் மருந்து. குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. வெர்செட் நீர்மமாக வரும். இதுவோ கரைத்துப் போட வேண்டிய தூள். அத்தனை அடையாளங்களும் கண்ணில் படாமல் போயின. மருந்து கொடுத்த இடத்தில் பார்கோடு சரிபார்க்கும் கருவியும் இல்லை. அப்பெண்மணி மறுநாள் இறந்தார். 2022-இல் நீதிமன்றம் அந்த நர்சைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. அவருடைய உரிமம் அதற்கு முன்பே பறிபோயிருந்தது. ஓவர்ரைடு செய்வது அங்கே அன்றாட வழக்கமாக இருந்தது என்று அவர் விசாரணையில் சொன்னார். அவசரத்துக்கு வைத்த வழி அன்றாட வழியானதுதான் இதில் பாடம்.

இத்துறையில் பணிபுரியும் பிள்ளைகள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. அலமாரியை நிரப்பும்போது ஒவ்வொரு மருந்தின் பார்கோடையும் சரிபார்த்தே வைக்க வேண்டும். ஹெப்பாரின், இன்சுலின் போன்ற ஆபத்து மிகுந்த மருந்துகளை இன்னொருவரும் தனியாகப் பார்க்க வேண்டும்.

2. பெயரோ உருவமோ ஒத்த மருந்துகளை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. மூச்சை நிறுத்தக்கூடிய மருந்துகளை மூடியுள்ள தனி அறையில், எச்சரிக்கை ஒட்டி வைக்க வேண்டும்.

3. மருந்தைத் தேடும்போது இரண்டு மூன்று எழுத்துகளோடு நிறுத்தக் கூடாது. குறைந்தது ஐந்து எழுத்துகள் தட்ட வேண்டும் என்பது ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க மருந்துப் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை.

4. ஓவர்ரைடு உண்மையான அவசரத்துக்கு மட்டுமே. அப்போதும் சீட்டையும் குப்பியையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும்.

5. ஒரு நேரத்தில் ஒரு நோயாளிக்கு மட்டும் எடுக்க வேண்டும். மருந்து கொடுக்குமுன் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தின் பார்கோடையும் சரிபார்க்க வேண்டும்.

6. மிஞ்சிய மருந்தை எடுத்த அறையிலேயே திரும்பப் போடக் கூடாது. அதற்கென உள்ள பெட்டியில் போட வேண்டும்.

7. கடவுச்சொல்லை நெருங்கிய நண்பருக்கும் தரக் கூடாது. உங்கள் பெயரில் எடுத்த மருந்துக்கு நீங்களே பொறுப்பு. வலி நிவாரணி, தூக்க மருந்துகளின் எண்ணிக்கை இடித்தால் பணி நேரம் முடியுமுன் தெரிவித்துவிட வேண்டும்.

மருந்து வாங்கும் நமக்கும் கடமை உண்டு. மருந்தைத் தந்தது ரோபோவானாலும் கடைக்காரரானாலும், வீட்டுக்குக் கொண்டுவருமுன் சீட்டோடு நான்கை ஒப்பிடுங்கள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலாவதித் தேதி, மாத்திரை எண்ணிக்கை. வெர்செட், மிடாசோலம் போல ஒரே மருந்துக்குக் கம்பெனிப் பெயர் வேறு, மூலப்பெயர் வேறு. ஆகவே, “இதன் மூலப்பெயர் என்ன?” என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். நம் நாட்டில் 2023 ஆகஸ்டு முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் அட்டையில் க்யூஆர் கோடு அல்லது பார்கோடு இருக்க வேண்டும் என்பது விதி. அதை ஸ்கேன் செய்தால் மூலப்பெயரும் காலாவதித் தேதியும் தெரியும். மாத்திரையின் நிறமோ வடிவமோ வழக்கத்துக்கு மாறியிருந்தால் கேட்காமல் விழுங்க வேண்டாம். ஒவ்வாமை இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். வயதான தாய் தந்தையர் மருத்துவமனையில் இருந்தால், ஊசி போடுமுன் “இது என்ன மருந்து, எதற்கு?” என்று பணிவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதை நல்ல நர்ஸ் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து கேடு விளைவித்தவர் அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. அறிந்தவரும் அலட்சியமாக இருந்துவிட முடியாது. நோயாளியின் உயிர் நம் கையில் தரப்பட்ட அமானிதம். “இயந்திரம் கொடுத்தது, நான் கொடுத்தேன்” என்று சொல்லி அந்த அமானிதத்திலிருந்து விலகிக்கொள்ள இயலாது. கேள்வி கணக்கு இயந்திரத்துக்கு இல்லை, நமக்குத்தான்.

இத்துறையில் படிக்கும், பணிபுரியும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் படித்துக் காட்டுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பி வையுங்கள். அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், மருத்துவப் பணியில் உள்ள நம் பிள்ளைகளுக்குக் கவனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்