படகைக் கண்டு ஒதுங்காத டால்பின்

டால்பின் பார்க்கப் படகேறுகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சமாதானம் ஒன்று உண்டு. "அதுகளுக்குப் படகு பழகிப்போச்சு, பாருங்க, பயமே இல்லாம பக்கத்துல வருது." கண்ணெதிரே வருவதால் நம்பவும் தோன்றும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே விரிகுடாவில் நடந்த நீண்ட கால ஆய்வு, இந்தச் சமாதானத்தைத்தான் கவிழ்த்துப் போட்டது.

பெர்த் நகரிலிருந்து வடக்கே 800 கி.மீட்டருக்கு மேல் போனால் ஷார்க் பே. ஆழம் குறைந்த தெளிந்த நீர், பரந்த கடற்புல் படுகைகள், நிறையச் சுறாக்கள். 1991 முதல் உலகப் பாரம்பரியத் தலம். இங்கே வாழ்பவை இந்திய-பசிபிக் பாட்டில் மூக்கு டால்பின்கள். மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்கள் காணும் ஓங்கில்களிலும் இந்த இனம் உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து ஆய்வாளர்கள் ஷார்க் பே டால்பின்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு தொடர்ந்து வருகிறார்கள். முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் விழும் வெட்டும் கிழிசலும் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. புகைப்படம் எடுத்து ஒப்பிட்டால் போதும்: யார் யாருடைய பிள்ளை, யார் யாரோடு சுற்றுகிறது என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும். கடற்பஞ்சை மூக்கில் மாட்டிக்கொண்டு, அடித்தரையைக் கிளறி மீன் தேடும் வித்தையைத் தாயிடமிருந்து பெரும்பாலும் பெண்பிள்ளைகளே கற்றுக்கொள்கின்றன என்பது தெரிந்ததும் இப்படித்தான்.

இந்தப் பதிவேடு இருந்ததால் அபூர்வமான ஒரு கேள்வியைக் கேட்க முடிந்தது. சுற்றுலாப் படகே இல்லாத காலம், ஒரு நிறுவனம் படகு விட்ட காலம், இரண்டு நிறுவனங்கள் விட்ட காலம் என்று தலா நாலரை ஆண்டுகளை எடுத்துக்கொண்டு லார்ஸ் பெய்டரும் சக ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். ஒரு நிறுவனம் இருந்தவரை குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. இரண்டாவது வந்த பிறகு, படகு போகும் பகுதியில் டால்பின்களின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் சரிந்தது. ஏறக்குறைய ஏழில் ஒன்று. சுற்றுலாப் படகு போகாத பக்கத்துப் பகுதியில் அப்படி எந்தச் சரிவும் இல்லை.

இதைவிடச் சுவாரசியமானது, அதே குழு செய்துபார்த்த இன்னொரு சோதனை. இரண்டு பகுதிகளிலும் வேண்டுமென்றே படகை நெருங்கவிட்டு, டால்பின்கள் என்ன செய்கின்றன என்று கவனித்தார்கள். படகையே அதிகம் காணாத பகுதியில் அவை சட்டென்று நடத்தையை மாற்றிக்கொண்டன. சுற்றுலாப் பகுதியிலோ அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. இந்த முடிவை மட்டும் கையில் கொடுத்தால் யாரும் 'பழகிவிட்டன' என்றுதான் எழுதுவார்கள். எண்ணிக்கை குறைந்த கதையையும் சேர்த்துப் படித்தால் அர்த்தம் தலைகீழாகிறது. தெருமுனையில் ஒலிபெருக்கி நாள் முழுக்க அலறினால், தாங்காதவர்கள் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் போய்க் கேட்டால் 'ஒரு தொந்தரவும் இல்லை' என்பார்கள். படகருகே சாந்தமாக நீந்துகிற டால்பினும் அப்படி மிஞ்சிய ஒன்றாக இருக்கலாம்.

ஆய்வு வெளியான 2006-லேயே அரசு, உரிமங்களை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தது. அறிவியல் சொன்னதை அதே ஆண்டில் ஒரு அரசு கேட்டது அதிசயம்தான். ஷார்க் பேயில் டால்பின்கள் ஏராளம் என்பதால் இழப்பு அங்கே தாங்கக்கூடியது. சிறு கூட்டங்களுக்கு அந்த வசதி கிடையாது. நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸில் 1999-க்குப் பிறகு பாட்டில் மூக்கு டால்பின்கள் 66 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது. 2019-ல் அவற்றோடு நீந்துவது தடை செய்யப்பட்டது. 2021 முதல் அங்கே படகுகள் 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும்.

மீன் கொடுத்து வரவழைப்பது வேறு வகைச் சிக்கல். ஷார்க் பேயின் மங்கி மையா கரையில் 1960களில் மீனவர்கள் விளையாட்டாகத் தொடங்கிய பழக்கம் அது. தாய் டால்பின்கள் மீனுக்காக மணிக்கணக்கில் முழங்கால் அளவு நீரில் காத்துக் கிடந்தன. அந்த ஆழத்தில் குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நீந்திப் பால் குடிக்க முடியாது. சற்றுத் தள்ளித் தனியே திரிந்தால் சுறாவின் கண்ணில் படும். கையேந்திய தாய்களின் குட்டிகள் மற்றவற்றைவிட அதிகமாக இறந்தன. 1990களின் நடுவில் விதிகள் இறுகிய பிறகு நிலைமை தேறியது. இப்போது குறிப்பிட்ட சில பெண் டால்பின்களுக்கு மட்டும், நண்பகலுக்குள், அதிகபட்சம் மூன்று முறை, அதுவும் அன்றாடத் தேவையில் ஒரு சிறு பங்கு மட்டுமே தரப்படுகிறது. தொடக் கூடாது. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிறு ஊரின் பிழைப்பே இதை நம்பித்தான் நடக்கிறது.

படகில்தான் போவது என்றால் ஆஸ்திரேலிய வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. 150 மீட்டருக்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும், 50 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. முன்னால் போய் மறிக்கவோ பின்னால் துரத்தவோ கூடாது. பக்கவாட்டில் இணையாகப் போகலாம். குட்டி இருந்தால் அந்த 150 மீட்டருக்குள்ளேயே நுழையக் கூடாது. டால்பின் தானாக வந்து படகின் முன்பக்க அலையில் சறுக்கினால், திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போய்க்கொண்டிருந்தால் போதும்.

படகே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் சானன்ரி முனை இருக்கிறது. மோரே ஃபர்த் கடல்நுழைவில் சுமார் 200 பாட்டில் மூக்கு டால்பின்களைக் கொண்ட கூட்டம் நடமாடுகிறது. இது ஷார்க் பே இனமல்ல, குளிரைத் தாங்கப் பருத்த பெரிய இனம். முனைக்கும் எதிர்க்கரை ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவே கடல் ஒடுங்குகிறது. ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் மீன்கள் இந்த இடுக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும், அதனால் டால்பின்கள் இங்கே வந்து வேட்டையாடுகின்றன. வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் கூழாங்கல் கரையில் போய் நிற்க வேண்டும். நீரோட்டம் வலுக்க வலுக்க, சில மீட்டர் தூரத்திலேயே முதுகுத் துடுப்பு தெரியும் நாட்களும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. கார் நிறுத்த இடம் கிடைப்பதுதான் பாடு.